முகப்புப் படத்தை யார் தேர்ந்தெடுப்பது: நாமா, நம்மை அறியாதவர்களா?

சாளரம் எழுதியது:

வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக என் எல்லாக் கணக்குகளிலும் ஒரே முகப்புப் படம்தான் இருந்து வந்திருக்கிறது. அந்தி வெளிச்சத்தில், மலை விளிம்பில், முதுகைக் காட்டி நிற்கும் ஒரு கரிய உருவம். அந்த உருவம் நான்தான் என்பது எனக்கும் படமெடுத்த தோழிக்கும் மட்டுமே தெரியும். இது ஒரு குறை என்று இதுவரை தோன்றியதில்லை. வேலையை விட்டுவிட்டுத் தனியாக மெய்ப்புத் திருத்தும் பணிகளை எடுத்துச் செய்யத் தொடங்கிய பிறகுதான் சிக்கல் வந்தது. லிங்க்ட்இனில் என்னைத் தேடிய ஒருவர், என் பெயரிலேயே நான்கு பேர் இருந்ததால் எவர் நான் என்று தெரியாமல், முகம் தெளிவாகத் தெரிந்த வேறொருவருக்குத் தன் கையெழுத்துப் படியையே அனுப்பிவிட்டார். அந்த அம்மையார் பெருந்தன்மையோடு "இது எனக்குரியதன்று" என்று பதில் எழுதியதால்தான் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

அதனால் முகம் தெரியும் படம் வைப்பதென்று முடிவெடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தம்பியின் பொறுமையைச் சோதித்து 43 படங்கள் எடுத்தேன். கழித்துக் கழித்து ஐந்தில் வந்து நிற்கிறேன். முதலாவதில் நேராகப் பார்க்கிறேன், ஆனால் கடவுச்சீட்டுப் படம் போல இருக்கிறது. இரண்டாவதில் சிரிப்பு நன்றாக இருக்கிறது, மூக்கு பெரிதாக இருக்கிறது. மூன்றாவதில் ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது தம்பி அமுக்கிவிட்டான். முடி ஒரு பக்கம் கலைந்திருக்கிறது, பார்வையும் சற்று விலகியிருக்கிறது. நான்காவது எனக்கு மிகவும் பிடித்தது. கையை நீட்டி நானே எடுத்த செல்ஃபி. ஐந்தாவதில் பின்னால் புத்தக அலமாரி இருக்கிறது, தொழிலுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று எடுத்தது. ஒரு வாரமாக நாளுக்கொன்றாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லை. நீங்களெல்லாம் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? எல்லாத் தளங்களிலும் ஒரே படத்தையே வைக்க வேண்டுமா?


அரைவட்டம் எழுதியது:

அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன் அளவைப் பார்த்துவிடுங்கள். நான் இடைமுக வடிவமைப்பில் இருப்பவன் என்பதால் இந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். எக்ஸ், லிங்க்ட்இன் ஆகிய இரண்டும் 400க்கு 400 படப்புள்ளிகள் (பிக்சல்) கொண்ட சதுரப் படத்தைப் பரிந்துரைக்கின்றன. ஆனால் உங்கள் பக்கத்திற்கு வந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர் மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் அதைப் பார்ப்பது ஒரு பதிவின் ஓரத்தில், சுண்டுவிரல் நகத்தளவில்தான். அதுவும் வட்டத்துக்குள். ட்விட்டராக இருந்த காலத்தில், 2017-இல் அந்தத் தளம் சதுரத்தைக் கைவிட்டு வட்டத்துக்கு மாறியது. இன்று ஏறத்தாழ எல்லாத் தளங்களும் வட்டத்தையே பின்பற்றுகின்றன. ஒரு சதுரத்துக்குள் வரையக்கூடிய மிகப் பெரிய வட்டம் அதன் பரப்பில் 78.5 விழுக்காடுதான். அதாவது நீங்கள் ஏற்றும் படத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அதுவும் நான்கு மூலைகளிலும் இருப்பது, யார் கண்ணிலும் படாது. உங்கள் ஐந்தாவது படத்தின் புத்தக அலமாரி எங்கே இருக்கிறது? மூலைகளில்தானே?

ஐந்து படங்களையும் நகத்தளவுக்குச் சுருக்கி, வரிசையாகத் திரையில் வைத்துக் கையை முழுவதும் நீட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று தாமாகவே கழிந்துவிடும். முகம் சட்டகத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை நிரப்ப வேண்டும் என்று லிங்க்ட்இன் தன் அறிவுரைக் குறிப்பில் சொல்கிறது. தோளுக்குச் சற்றுக் கீழே வெட்டினால் அந்தக் கணக்குத் தானாக வந்துவிடும்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் தம்பி அனுப்பிய படத்தை எடுத்து அப்படியே ஏற்றாதீர்கள். அது ஏற்கெனவே ஒருமுறை சுருங்கி வந்தது. தளம் அதை இன்னொரு முறை சுருக்கும். கண்ணிமைகள் எல்லாம் களிம்பு பூசியது போலாகிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லி மூலக் கோப்பையே வாங்கிக்கொள்ளுங்கள்.


நிழல்மானி எழுதியது:

சாளரம் அவர்களுக்கு: உங்களுக்கு மிகவும் பிடித்தது நான்காவது என்று சொன்னீர்கள், அது செல்ஃபி என்றும் சொன்னீர்கள். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இருபது ஆண்டுகளாக ஆட்களைப் படமெடுத்துப் பிழைப்பவன். ஒருவருக்கு நூறு படம் எடுத்துக் காட்டினால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார், உடன் வந்தவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

காரணம், நம் முகத்தை நாம் அறிந்திருப்பது கண்ணாடி வழியாக. வகிடு எந்தப் பக்கம், எந்தப் புருவம் உயரம், சிரிக்கும்போது வாய் எந்தப் பக்கம் கோணும் என்பதெல்லாம் நமக்கு இடவலம் மாறியே பழகியிருக்கிறது. 1977-இல் மீட்டா, டெர்மர், நைட் என்னும் மூன்று ஆய்வாளர்கள் பெண்களைப் படமெடுத்து, உள்ளபடியே ஒன்றும் இடவலம் திருப்பியது ஒன்றுமாகக் காட்டினார்கள். படத்தில் இருந்தவர்கள் கண்ணாடிப் பிம்பத்தையும், அவர்களுடைய நெருங்கியவர்கள் உள்ளபடியான படத்தையும் விரும்பினார்கள். பழகியதே பிடிக்கிறது, அவ்வளவுதான். கைபேசியின் முன்பக்கக் கேமரா, எடுக்கும்போது திரையில் கண்ணாடிப் பிம்பத்தைத்தான் காட்டுகிறது; சில கைபேசிகள் அதை அப்படியே சேமித்தும் விடுகின்றன. உங்களுக்கு அது பிடித்துப்போவதில் வியப்பில்லை. ஆனால் அதைப் பார்க்கப் போகிறவர் எவரும் உங்களைக் கண்ணாடிக்குள் பார்த்தவர் அல்லர்.

அடுத்தது மூக்கு. இரண்டாவது படத்தைத் தம்பி மிக அருகில் வந்து எடுத்தாரா? முகத்தின் உருவத்தை மாற்றுவது லென்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மாற்றுவது தூரம். கேமரா கிட்டே வரும்போது, காதைவிட மூக்கு அதற்கு எத்தனை மடங்கு அருகில் இருக்கிறது என்னும் விகிதம் கூடிவிடுகிறது. அதனால் மூக்கு பருத்து, காதுகள் பின்வாங்கிக்கொள்கின்றன. முக அறுவை மருத்துவர்கள் சிலர் 2018-இல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள்: ஒன்றரை மீட்டரிலிருந்து எடுப்பதோடு ஒப்பிட்டால், 30 சென்டிமீட்டரிலிருந்து எடுக்கும் படத்தில் மூக்கின் அகலம் முகத்தோடு ஒப்பிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகத் தெரிகிறது. செல்ஃபியில் தெரியும் மூக்கைச் சரிசெய்யச் சொல்லி மக்கள் மருத்துவரிடம் வருவதுதான் அந்தக் கணக்குக்கே காரணம். எனவே தம்பியை ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பின்பக்கக் கேமராவில் இரண்டு மடங்கு நெருக்கத்தை (ஜூம்) வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கேமரா உங்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும். கீழிருந்து எடுத்தால் தாடையும், மேலிருந்து எடுத்தால் நெற்றியும்தான் படம் முழுவதும் இருக்கும்.

வெளிச்சத்துக்கு நேராகச் சன்னலைப் பார்த்து நில்லுங்கள், ஆனால் வெயில் நேரடியாக முகத்தில் விழ வேண்டாம். நண்பகலில் வெளியே நின்றால் கண்குழிகள் இரண்டும் கருத்துவிடும். கண்ணுக்குள் ஒரு சிறு வெண்பொட்டு, அதாவது சன்னலின் பிரதிபலிப்பு, விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகத்தளவிலும் ஒரு முகத்தை உயிரோடு காட்டுவது அந்தப் பொட்டுதான்.


எதிர்க்கரை எழுதியது:

நிழல்மானி ஐயா சொன்ன "உடன் வந்தவர் வேறொன்றைத் தேர்ந்தெடுப்பார்" என்பதைப் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த இழையின் தலைப்புக்கே விடை அதில்தான் இருக்கிறது. உளவியல் படித்தவள் என்பதால் இதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு.

2017-இல் ஆஸ்திரேலியாவில் டேவிட் வைட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 102 மாணவர்களிடம், ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்த அவர்களுடைய 12 படங்களைக் கொடுத்து, தொழில்முறைத் தளம், நண்பர் வட்டம், துணை தேடும் தளம் ஆகியவற்றுக்கு எதை வைப்பார்கள், எதை வைக்கவே மாட்டார்கள் என்று கேட்டார்கள். அதோடு முன்பின் தெரியாத இன்னொருவரின் படங்களைக் கொடுத்து, அவருக்காகவும் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பிறகு இரண்டு வகைப் படங்களையும் வேறு மனிதர்களிடம் காட்டி மதிப்பிடச் சொன்னபோது, அந்நியர் தேர்ந்தெடுத்த படங்களே நல்ல எண்ணத்தைத் தோற்றுவித்தன. தன் படத்தைத் தானே தேர்ந்தெடுத்தவர்கள் தம்மைத் தாமே கீழே இறக்கிக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நம் படத்தைப் பார்க்கும்போது நாம் படத்தை மட்டும் பார்ப்பதில்லை. அன்று என்ன நடந்தது, அந்தச் சட்டை எப்படி இறுக்கியது, ஆண்டுக்கணக்காக நமக்குப் பிடிக்காத அந்தப் பல் என்று எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறோம். அந்நியருக்கு அந்தப் பல்லின் வரலாறு தெரியாது.

பார்ப்பவர் நின்று நிதானித்துப் பார்ப்பார் என்றும் எண்ண வேண்டாம். வில்லிஸ், டொடொரோவ் ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே அவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று மக்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள் என்று கண்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது பெரும்பாலும் முடிவு மாறவில்லை. அந்த முடிவின் மீது அவர்களுக்கிருந்த உறுதிதான் கூடியது. அந்த முடிவு சரியானது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அதற்கு அடிப்படையே கிடையாது. ஆனாலும் எடுத்துவிடுகிறார்கள்.

எனவே, ஐந்து படங்களையும் உங்களை நேரில் பார்த்திராத மூன்று பேருக்கு அனுப்புங்கள். "எது நன்றாக இருக்கிறது?" என்று கேட்காதீர்கள்; அழகானதைச் சொல்வார்கள். "இவர்களில் யாரிடம் உங்கள் கட்டுரையைத் திருத்தக் கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள்.


சாளரம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நகத்தளவுச் சோதனையை உடனே செய்தேன். அலமாரிப் படம் முதல் நொடியிலேயே விழுந்துவிட்டது. அரைவட்டம் சொன்னபடியே புத்தகங்கள் எல்லாம் வட்டத்துக்கு வெளியே போய், இரண்டு முதுகட்டைகள் மட்டும் என் காதிலிருந்து முளைத்தது போல நின்றன. இரண்டாவதும் போய்விட்டது. தம்பி அதைக் கட்டிலில் உட்கார்ந்தபடி, முழங்கை தூரத்திலிருந்து எடுத்தானாம். செல்ஃபியை மட்டும் விட மனம் வரவில்லை. இடவலம் திருப்பிப் பார்த்தேன், யாரோ என் ஒன்றுவிட்ட சகோதரியைப் பார்ப்பது போல இருந்தது. நிழல்மானி ஐயா, நீங்கள் சொன்னதை நம்புகிறேன், ஆனாலும் அது கசப்பாகத்தான் இருக்கிறது.


மூடுபனி எழுதியது:

மேலே பேசியவர்கள் எல்லோரும் முகம் வைப்பதென்பதை முடிவாக எடுத்துக்கொண்டு, எந்த முகம் என்பதை மட்டும் ஆராய்கிறீர்கள். அந்த முடிவு எல்லோருக்கும் அவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் முகப்புப் படத்தை யாரோ எடுத்து, என் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, ஒரு போலிக் கணக்கைத் தொடங்கி, என் நட்புப் பட்டியலில் இருந்தவர்களிடம் பணம் கேட்கத் தொடங்கினார்கள். இரண்டு பேர் கொடுத்தும் விட்டார்கள். அந்தக் கணக்கை நீக்கச் சொல்லிப் புகார் அனுப்பினால், "எங்கள் விதிமுறைகளை இது மீறவில்லை" என்று தானியங்கிப் பதில் வந்தது. பதினொரு நாள் கழித்து, நாற்பது ஐம்பது நண்பர்கள் சேர்ந்து புகார் அளித்த பிறகுதான் நீங்கியது. அன்றிலிருந்து என் கணக்குகளில் என் முகம் இல்லை. தோழி ஒருத்தி நான்கே கோட்டில் வரைந்து கொடுத்த ஓவியம்தான் இருக்கிறது: கண்ணாடி, கொண்டை, கழுத்து, ஒரு தோள்.

கணக்கைப் பூட்டி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. இன்ஸ்டகிராம் கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றினாலும் முகப்புப் படம் எல்லோருக்கும் தெரியும். ஃபேஸ்புக்கிலும் இப்போது வைத்திருக்கும் முகப்புப் படம் பொதுவானதுதான். படத்தைப் பிறர் தரவிறக்காமல் தடுக்கும் காவல் வசதி ஒன்றை ஃபேஸ்புக் 2017-இல் கொண்டுவந்தது. அது இருந்தால் தடை கொஞ்சம் கூடும், ஆனால் இன்னொரு கைபேசியால் திரையைப் படமெடுப்பவரை எந்த வசதியாலும் தடுக்க முடியாது. வாட்ஸ்அப்பில்தான் நம் கையில் கொஞ்சம் கட்டுப்பாடு இருக்கிறது: படத்தை எல்லோருக்கும் காட்டலாம், தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டலாம், அவர்களிலும் சிலரை விலக்கலாம், எவருக்கும் காட்டாமலும் இருக்கலாம். இதைப் படிப்பவர்கள் இப்போதே அமைப்புகளுக்குப் போய், தனியுரிமைப் பகுதியில் உங்களுடையது எதில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் "எல்லோரும்" என்பதில்தான் நிற்கும்.

எல்லாத் தளங்களிலும் ஒரே படமா என்று சாளரம் கேட்டிருந்தார். புனைபெயரில் வேறு கணக்கு ஏதாவது வைத்திருந்தால், அதில் மட்டும் அதே படத்தை ஒருபோதும் வைக்காதீர்கள். படத்தைக் கொண்டு படத்தைத் தேடும் வசதி டின்ஐ தளத்தில் 2008-லிருந்தும், கூகுளில் 2011-லிருந்தும் இருக்கிறது. பெயரை மறைத்துவிட்டு அதே படத்தை வைப்பது, கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுப் போவதற்கு ஒப்பாகும்.


நேர்கோடு எழுதியது:

மூடுபனிக்கு நேர்ந்தது வருத்தத்திற்குரியதே. ஆனால் அதை வைத்து முகம் வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. பணிக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் நான், முகம் இல்லாத கணக்கிலிருந்து செய்தி வந்தால் முதலில் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். ட்விட்டரில் படம் வைக்காத கணக்குகளுக்கு முட்டைப் படம் இருந்தது நினைவிருக்கிறதா? 2010-இல் வந்த அந்த முட்டை, நாளடைவில் தொல்லை கொடுப்பவர்களின் அடையாளமாகவே ஆகிவிட்டதால், 2017-இல் நிறுவனமே அதை எடுத்துவிட்டுச் சாம்பல் நிற ஆளுருவத்தை வைத்தது. படம் இல்லாமலிருப்பதும் பார்ப்பவருக்கு எதையோ சொல்லத்தான் செய்கிறது. முகம் காட்டும் ஒருவர், தான் சொல்வதற்குப் பொறுப்பேற்கிறார் என்பதே என் கருத்து.


மூடுபனி எழுதியது:

நேர்கோடு அவர்களே, நான் எவருக்கும் முகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முகத்தைக் கேட்டு வாங்கும் உரிமை எவருக்கும் இல்லை என்றுதான் சொல்கிறேன். முகம் காட்டினால் பொறுப்பு என்பதும் இப்போது எடுபடாது. என் பெயரில் பணம் கேட்டவன் முகத்தோடுதான் கேட்டான், அது என் முகம். இன்று அவனுக்கு என் முகமும் தேவையில்லை. கணினி உருவாக்கும், உலகில் எங்குமே இல்லாத மனிதரின் முகம் ஒரு சொடுக்கில் கிடைக்கிறது. நைட்டிங்கேல், ஃபரீத் ஆகிய இருவர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கை முகங்களை உண்மையான முகங்களிலிருந்து மக்களால் பிரித்தறிய முடியவில்லை என்பதோடு, செயற்கை முகங்களையே சற்றுக் கூடுதலாக நம்பத்தக்கவை என்று மதிப்பிட்டார்கள் என்றும் வந்தது. முகம் இல்லாதவரைச் சந்தேகித்துவிட்டு இல்லாத முகத்தை நம்பினால், ஆள் எடுக்கும் வேலை என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.


நேர்கோடு எழுதியது:

அந்த ஆய்வை இப்போதுதான் தேடிப் படித்தேன். ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், சாளரம் போல வேலை தேடி வருபவருக்கு முகம் உதவும் என்பதில் நான் மாறவில்லை. முகமில்லாத விண்ணப்பங்களை நான் பார்க்கும் முறையை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் கோட்டோவியம் பற்றிச் சொன்னீர்களே, அது கரிய நிழலுருவத்தைவிட மேல்தான். அது உங்களுடையது என்று அடுத்த முறை பார்த்ததும் தெரிந்துவிடும்.


ஏழாம்படி எழுதியது:

எனக்கு வயது அறுபத்து மூன்று. என் படத்தை மாற்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இணையத்தில் மட்டுமே பழகிய நண்பர்கள் எட்டுப் பேர் ஒரு கூட்டத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. வாசலருகே நான் அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். மூன்று பேர் என்னைக் கடந்து போய், உள்ளே போய், "அவர் இன்னும் வரவில்லை போலிருக்கிறது" என்று எனக்கே செய்தி அனுப்பினார்கள். கருத்த மீசையோடு இருப்பவரை அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். அன்று இரவே மாற்றிவிட்டேன். முடியின் நிறமோ கண்ணாடியோ தாடியோ மாறினால் படமும் மாற வேண்டும் என்பதை இப்போது ஒரு வழக்கமாக வைத்திருக்கிறேன். வேறு காரணத்துக்காக மாற்றுவதில்லை. அடிக்கடி மாற்றினால் கூட்டத்தில் நம்மைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.


எதிர்க்கரை எழுதியது:

ஏழாம்படி ஐயா சொன்னது வயதால் மட்டும் வருவதில்லை. ஒரே ஆண்டில் எடுத்த இரண்டு படங்களிலும் நடக்கும். ராப் ஜென்கின்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள்; நெதர்லாந்தில் புகழ்பெற்ற இரண்டு பெண்களின் படங்கள், ஆளுக்கு இருபது வீதம், 40 அட்டைகள். அவர்களை அறியாத பிரித்தானியர்களிடம் கொடுத்து, ஆளுக்கு ஓர் அடுக்காகப் பிரிக்கச் சொன்னால், ஏழெட்டுப் பேர் இருப்பதாக எண்ணி ஏழெட்டு அடுக்குகள் வைத்தார்கள். அந்தப் பெண்களை அறிந்த நெதர்லாந்துக்காரர்கள் தயக்கமின்றி இரண்டே அடுக்குகள் வைத்தார்கள். நம்மை அறிந்தவர் எந்தப் படத்திலும் நம்மைக் கண்டுகொள்வார், அறியாதவருக்கு ஒவ்வொரு படமும் வேறு ஆள். ஆகவே தொழில் சார்ந்த கணக்குகள் எல்லாவற்றிலும் ஒரே படம் இருப்பது நல்லது என்பது என் முடிவு. மின்னஞ்சலில் ஒரு முகமும் லிங்க்ட்இனில் வேறொரு முகமும் இருந்தால், புதிதாக வருபவருக்கு நீங்கள் இரண்டு பேர்.


தூவானம் எழுதியது:

ஒரு சிறிய இடைச்செருகல். பெற்றோர்கள் தங்கள் முகப்புப் படமாகக் குழந்தையின் படத்தை வைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் மூன்று ஆண்டுகள் மகளின் படத்தைத்தான் வைத்திருந்தேன். போன ஆண்டு அவள் படிக்கக் கற்றுக்கொண்டு, என் கைபேசியைப் பார்த்து, "இது அம்மாவுடைய பெயர், ஏன் என் முகம் இருக்கிறது?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. எடுத்துவிட்டேன். சீருடையும் பள்ளிப் பெயரும் தெரியும் படங்களை வைத்திருப்பவர்கள் அதையாவது உடனே எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்கும் படங்களுக்கும், வண்டி எண் தெரியும் படங்களுக்கும் இதுவே பொருந்தும்.


அரைவட்டம் எழுதியது:

தூவானம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குழுப் படத்திலிருந்து வெட்டி எடுத்து வைப்பவர்கள், தோளில் இருக்கும் இன்னொருவரின் கையை மறந்துவிடுகிறார்கள். நகத்தளவில் அது கையாகவே தெரியாது. தோளில் ஏதோ கட்டி போல இருக்கும். அப்புறம், முகப்புப் படத்தின் மீது வைக்கும் இந்த நிகழ்வுச் சட்டகங்கள். 2015-இல் ஃபேஸ்புக் வானவில் வண்ணத்தையும் பிறகு பிரான்சின் கொடியையும் முகப்புப் படத்தின் மீது படியவிடும் வசதியைக் கொடுத்ததிலிருந்து ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு சட்டகம் வந்துவிடுகிறது. அதில் தவறு ஒன்றுமில்லை, எடுக்க மறப்பதில்தான் இருக்கிறது. முடிந்துபோன ஒரு நிகழ்வின் சட்டகத்தோடு இரண்டு ஆண்டுகளாக இருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். வைக்கும்போதே முடிவு நாளையும் குறித்துவிடலாம், அந்த வசதி அங்கேயே இருக்கிறது.


நிழல்மானி எழுதியது:

சாளரம் அவர்களே, எதிர்க்கரை சொன்ன மூன்று பேர் சோதனை என்னவாயிற்று? இழை எங்கெங்கோ சுற்றி வந்துவிட்டது. ஐந்தில் எது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.


சாளரம் எழுதியது:

மன்னிக்கவும், வேலை வந்துவிட்டது. மேலே சொன்ன அதே கையெழுத்துப் படிதான்.

என்னை நேரில் பார்த்திராத மூன்று பேருக்கு, தம்பியின் நண்பர்கள் வழியாக, ஐந்து படங்களையும் அனுப்பினேன். எதிர்க்கரை சொன்ன அதே கேள்வியைக் கேட்டேன். இரண்டு பேர் மூன்றாவதைச் சொன்னார்கள், அந்த முடி கலைந்ததை. ஒருவர் முதலாவதைச் சொல்லிவிட்டு, "ஆனால் இவர் என்னைத் திட்டுவார் போலிருக்கிறது" என்று சேர்த்துக்கொண்டார். செல்ஃபியை எவரும் தொடவே இல்லை. மூன்றாவதைச் சொன்ன ஒருவரிடம் ஏன் என்று கேட்டபோது, "யார் சொல்வதையோ கேட்டுக்கொண்டிருப்பது போல இருக்கிறது" என்றார். நான் அதைக் கழித்துவிடுவதற்காகவே ஐந்தில் கடைசியாகச் சேர்த்தது.

அதையே வைத்துவிட்டேன். முழுவதும் அப்படியே அன்று. நிழல்மானி ஐயாவின் அளவுப்படி, தம்பியை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தி, சன்னலுக்கு எதிரே நின்று, அவனிடம் அவனுடைய பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டே இன்னொரு முறை எடுத்தோம். பேச்சு சூடாகப் போனதில் கண்ணுக்குள் அந்த வெண்பொட்டும் விழுந்திருக்கிறது, முடியும் கலைந்திருக்கிறது. லிங்க்ட்இனிலும் மின்னஞ்சலிலும் இப்போது அதுதான். இந்தத் தளத்தில் படமே வைக்கவில்லை, மூடுபனி சொன்ன காரணத்துக்காக.

வாட்ஸ்அப்பில் மட்டும் பழைய மலை நிழலையே திரும்ப வைத்திருக்கிறேன். புதிய படத்தை வைத்த இரண்டாம் நாள் காலையில் சித்தி அழைத்து, "எண்ணை யாருக்காவது கொடுத்துவிட்டாயா? உன் பெயரில் யாரோ ஒரு பெண் இருக்கிறாள்" என்று கேட்டார்.